கொக்கு எதைப் பார்த்தது: நயம் எழுத வராத ஒரு மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் இருப்பது ஒரே ஒரு மாணவி. உயர்தரம், கலைப்பிரிவு, தமிழ், புவியியல், இந்து நாகரிகம் என்று மூன்று பாடம். பெயர், பாடசாலை, ஊர் எதையும் எழுத வேண்டாம் என்று தாய் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். வாவியை விட்டுவிட்டு இந்த விடயத்தைச் சொல்ல முடியாது.

நான் அவளுக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியை. ஏறக்குறைய ஒன்றரை வருடம் அவளுடைய கொப்பிகளைத் திருத்தினேன். அந்தக் கொப்பிகள், நான் அவ்வப்போது எழுதி வைத்த குறிப்புகள், கைபேசியில் பதிந்த இரண்டு ஒலிப்பதிவுகள் ஆகியவையே இதற்கு ஆதாரம். நடந்ததில் என் பிழையும் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீடும் வகுப்பும்

தகப்பன் விடியற்காலையில் தோணியில் போய் வீச்சுவலை எறிபவர். பெரும்போகம் தொடங்கினால் வயல் வேலை. வீட்டில் அம்மம்மா இருக்கிறார். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த காலத்தில் சோளன், குரக்கன், தினை எல்லாம் விதைத்த கதையை இன்றைக்கும் சொல்வார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்துச் சனம் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வரப் பாதைக்குக் காத்து நின்றது. (வெளியூர் வாசகருக்காக: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) இப்போது பாலத்தால் பஸ் ஓடுகிறது. சனி, ஞாயிறு டியூசனுக்கு அவள் அப்படித்தான் போய்வந்தாள்.

சாதாரண தரத்தில் தமிழுக்கு ஏ எடுத்தவள். நூலகத்தில் நாவல் எடுத்து வாசிக்கிற, கையெழுத்து முத்துமுத்தாக உள்ள பிள்ளை. உயர்தரம் முதல் தவணையில் கவிதை நயத்துக்கு, அதாவது ஒரு பாட்டின் சிறப்பை எடுத்து விளக்கும் வினாவுக்கு, 20க்கு 7 எடுத்தாள். இரண்டாம் தவணையிலும் 7. மற்றப் பிள்ளைகள் 7 எடுத்தால் படிக்கவில்லை என்று விட்டுவிடலாம். இவள் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு 7 எடுத்தாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

அவள் எழுதியது

நயம் எழுதப் பழக்க நான் வழமையாக எடுப்பது குறுந்தொகையின் 25ஆம் பாடல். கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 அடி முதல் 8 அடி வரை. இது 5 அடி. கரும்பலகையில் முழுதாக எழுதிவிட்டு ஒரு பாட வேளை முழுக்க அதை விட்டு விலகாமல் பேசலாம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கலியாணப் பேச்சைத் தலைவன் இழுத்துக்கொண்டே போகிறான். தலைவி தோழிக்குச் சொல்கிறாள்: அப்போது அங்கே யாரும் இல்லை. அவன்தான் கள்வன். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைச் சேர்ந்த அன்றைக்கு, தினையின் தாளைப் போல மெல்லிய பச்சைக் காலோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகும் இருந்தது.

அவளுடைய முதல் விடையில் ஒரு பந்தியை அப்படியே தருகிறேன்.

"புலவர் கபிலர் இப்பாடலில் உவமை அணியைக் கையாண்டு கற்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறார். 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' என்பது உவமையாகும். இவ்வுவமை பாடலுக்கு மெருகூட்டுகிறது. மேலும் 'தானது, யானெவன்' என எதுகை நயம்பட அமைந்து ஓசைச் சிறப்பை ஏற்படுத்துகிறது. இவ்வாறு சொல்நயம், பொருள்நயம், அணிநயம் யாவும் ஒருங்கே அமைந்து இக்காட்சியைக் கண்முன் நிறுத்துகிறார்."

பிழை என்று கோடு போட இதில் ஒன்றும் இல்லை. உவமை உவமைதான், எதுகை எதுகைதான். ஆனால் குருகை எடுத்துவிட்டு மயிலை வைத்தாலும், கபிலரை எடுத்துவிட்டு வேறு யாரை வைத்தாலும் இந்தப் பந்திக்கு ஒன்றும் ஆகாது. எந்தப் பாட்டுக்கும் போடலாம், வாடகைக் கதிரை மாதிரி.

இன்னொரு விடையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. விபுலானந்த அடிகளின் 'வெள்ளைநிற மல்லிகையோ' பாடலைக் கொடுத்திருந்தேன். எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவள் எழுதினாள்: அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், 1947இல் யாழ் நூல் வெளிவந்தது, அதே ஆண்டில் மறைந்தார். எல்லாம் சரி. முக்கால் பக்கம். அந்தப் பாட்டு ஒரு கேள்வியோடு தொடங்கி, எதிர்பார்த்த பதில்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பிறகுதான் 'உள்ளக் கமலமடி' என்று வருவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"டீச்சர், பாட்டப் பத்தி என்ன எழுதுற எண்டு தெரியல்ல. அடிகளப் பத்தியெண்டா தெரியும்."

நான் செய்த பிழை

அவளுடைய கொப்பிகளைப் பின்னோக்கிப் புரட்டினால் ஓரத்தில் என் சிவப்பு மையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: 'விரிவாக்குக.' 14 விடைகளில் 11 இடத்தில் எழுதியிருந்தேன். அவள் சொன்னபடி விரிவாக்கினாள். 'மெருகூட்டுகிறது' என்று இருந்தது அடுத்த முறை 'மேலும் மெருகூட்டிச் சிறப்பிக்கிறது' ஆனது. 'உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறார்' என்பதோடு 'கற்போரைக் கவி இன்பத்தில் திளைக்க வைக்கிறார்' சேர்ந்தது. எதை விரிவாக்குவது, எந்தப் பக்கத்தால் விரிவாக்குவது என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. எனக்கே அந்த நேரத்தில் அது தெளிவாக இருந்ததா என்று இப்போது சந்தேகம்.

பிறகு மாதிரி விடை கொடுத்துப் பார்த்தேன். மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வேறொரு பாட்டுக்கு அதன் இரண்டு பந்திகளைத் தூக்கி வைத்தாள். மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தேன்: கருத்து, சான்று, விளக்கம். முதல் இரண்டு கட்டமும் ஒழுங்காக நிரம்பின. மூன்றாவதில் முதலாவதையே வேறு சொல்லில் எழுதியிருந்தாள். "கபிலர் உவமையைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்" என்ற கருத்துக்கு விளக்கம், "எனவே கபிலர் உவமையைக் கையாள்வதில் கைதேர்ந்தவர்." ஆசிரியர் கருத்தரங்குகளில் இந்த மூன்று கட்டத்தைப் பெரிதாகச் சொல்கிறார்கள். கட்டம் நல்லதுதான், அதற்குள் போட ஒன்று இருக்கிறவர்களுக்கு.

டியூசன் நோட்ஸ் மேல் பழி போடுவது எளிது. நானும் போட்டேன். பிறகு ஒரு நாள் அந்த நோட்ஸை வாங்கிப் பார்த்தபோது அதில் பாதிச் சொற்கள் நான் வகுப்பில் சொல்லும் சொற்கள்தான். 'கண்முன் நிறுத்துகிறார்' என்பது என் வாயில் எத்தனை தரம் வந்திருக்கும் என்று எண்ணவே பயமாக இருந்தது.

அதனால் சொற்களில் இருந்தே தொடங்கினோம். அவளுடைய விடையில் எந்தப் பாட்டுக்கும் பொருந்தக்கூடிய சொற்களை அவளையே அடிக்கோடு போடச் சொன்னேன். ஒன்றரைப் பக்கத்தில் 19 இடம். அந்தச் சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, இனி இவை வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

அடுத்த இரண்டு கிழமை அவள் ஒன்றும் எழுதவில்லை. எழுதியபோது ஆறு வரி. மாதப் பரீட்சையில் 20க்கு 5. தாய் பாடசாலைக்கு வந்தார்.

"டீச்சர், முதல்ல பக்கம் பக்கமா எழுதின புள்ள. இப்ப கொப்பியத் துறந்து வெச்சிக்கிட்டு சும்மா இருக்காள். என்ன செஞ்ச நீங்க?"

என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் அம்மா என்று மட்டும் சொன்னேன். பழைய சொற்களைப் பிடுங்கிவிட்டேன், அந்த இடத்தில் வைக்க ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் கேட்டது நியாயம்.

ஒலிப்பதிவு

திருப்பம் நான் திட்டமிட்டு வந்ததல்ல. ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு பஸ்ஸுக்குக் காத்து இருவரும் வகுப்பில் இருந்தோம். மழை. அதே குறுந்தொகைப் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. குருகு என்றால் கொக்கு, நாரை மாதிரி ஒரு பறவை என்று நான் சொல்ல, "கொக்கெண்டா எங்கட வீட்டுக்குப் பின்னால நிக்கும் டீச்சர்" என்றாள். சரி, அப்படியென்றால் இந்தப் பாட்டில் கொக்கு ஏன் வருகிறது, எழுத வேண்டாம், சும்மா சொல்லு மகள் என்றேன். கைபேசியில் பதியலாமா என்று கேட்டுவிட்டுப் பதிந்தேன். அவள் சொன்னது இது:

"அவள் முதல்ல ஒருத்தரும் இல்ல எண்டு சொல்றாள். மறுகா கொக்கு நிண்டது எண்டு சொல்றாள். கொக்கு நிண்டு என்ன டீச்சர்? அது மீனப் பாத்துக்கிட்டு நிக்கிது. அப்பா வலை எறியக்குள்ளயும் நிக்கும். நம்ம இருக்கிறதே தெரியாத மாதிரித்தான் நிக்கும். கிட்டப் போனாத்தான் எழும்பும். அதுக்கிட்டப் போய்க் கேட்டு என்ன வரப்போகுது?"

முப்பது விநாடிகூட இல்லை. உவமை, அணி, மெருகு என்று ஒரு சொல் இல்லை. ஆனால் 'பார்க்கும்' என்ற வினை எதைப் பார்க்கிறது என்று அவள் கண்டுவிட்டாள். அங்கே இருந்த ஒரே சாட்சி, கண்ணை ஆரலில் வைத்துக்கொண்டு நின்ற சாட்சி. நோட்ஸில் 'குருகு சாட்சியாக நின்றது' என்று ஒரு வரி. அதைத்தான் அவளும் இவ்வளவு நாளும் எழுதிவந்தாள். வாவிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது பொருந்தாது என்று தெரியும். தெரிந்தது ஒருநாளும் பேனைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான விடயம். அவளுக்குத் தமிழ் இரண்டு. வீட்டில் பேசுவது ஒன்று. அதில் கொக்கு, மீன், பொய், ஏமாத்து எல்லாம் இருக்கின்றன. பரீட்சையில் எழுதுவது இன்னொன்று. அந்த எழுத்துத் தமிழில் அவளுக்குக் கிடைத்த சொற்கள் முக்கால்வாசி புகழ்ச்சி. பேனையைத் தொட்டவுடன் அவள் அந்தத் தமிழுக்குள் போய்விடுவாள், கோயிலுக்குப் போக உடுப்பு மாற்றுவது போல. நான் "எனக்கு விளங்குவதுபோல் எழுது" என்று சொன்னால் அவளுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. கபிலர் எவ்வளவு பெரிய புலவர், அவரைப் பற்றி 'கொக்கு மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது' என்றா எழுதுவது என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒழுங்கு மாறியது. முதலில் வாயால் சொல்வாள். அதைத் தன் பேச்சிலேயே கொப்பியின் இடப்பக்கம் எழுதுவாள். வலப்பக்கம் அதையே எழுத்துத் தமிழில் மாற்றுவாள், புதிதாக ஒன்றும் சேர்க்காமல். மாற்றும்போது ஒரு கருத்து காணாமல் போனால் அங்கே நிறுத்துவோம். மெதுவான வேலை. ஒரு பந்திக்கு 40 நிமிடம் போனது. மூன்றாவது கிழமை வலப்பக்கத்தில் இருந்தது:

"'யாரும் இல்லை' என்று தொடங்கிய தலைவி கடைசி அடியில் 'குருகும் உண்டு' என்கிறாள். ஒருவராவது இருந்ததாகச் சொல்லவே அவள் குருகைக் கூப்பிடுகிறாள். ஆனால் குருகு ஆரலைப் பார்க்கிறது. மீன் பார்க்கும் குருகு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காது. ஆகவே இருந்த ஒரு சாட்சியும் எதையும் காணவில்லை. 'யாரும் இல்லை' என்பதைவிடக் 'குருகும் உண்டு' என்பதில்தான் அவளது தனிமை கூடுதலாகத் தெரிகிறது."

கடைசி வசனம் இடப்பக்கத்தில் இல்லை. எழுதும்போது வந்தது என்றாள். அந்த இடத்தில் நான் சேர்த்துச் சொன்னது ஒன்றுதான்: 'குருகும்' என்பதில் உள்ள உம்மையைப் பார், அதை நான் இழிவு சிறப்பும்மை என்பேன், போயும் போயும் ஒரு குருகு என்ற தொனி அதில் இருக்கிறது. அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

எது சரி?

உடனே அடுத்த சிக்கல். இன்னொரு நோட்ஸில் வேறு விளக்கம் இருந்தது: குருகு இரையையே பார்ப்பதுபோலத் தலைவனும் தன் தேவையை மட்டும் பார்த்தான், ஆகவே குருகு தலைவனுக்கு ஒப்பு. அவள் பதறிக்கொண்டு வந்தாள். தான் எழுதியது பிழையா, இது சரியா?

இரண்டும் நிற்கும் என்றேன். அது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. புவியியலில் அப்படி இல்லையே டீச்சர் என்றாள். இரண்டில் எதற்குப் பாட்டிலிருந்து கூடுதல் சொற்களைக் காட்டலாம் என்று தேடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்து, 'கள்வன்' என்ற சொல் இரண்டாவது விளக்கத்துக்கு உதவுகிறது, 'யாரும் இல்லை' முதல் விளக்கத்துக்கு உதவுகிறது, தான் முதலாவதையே எழுதப்போவதாகச் சொன்னாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தை அதிபரிடம்கூடச் சொன்னேன். அவர் பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார்.

தவணைப் பரீட்சை

அவர் கேட்டதில் அர்த்தம் இருந்தது. தவணைப் பரீட்சைத் தாளை வேறொரு ஆசிரியர் திருத்தினார். 20க்கு 9. அணி பெயர் சொல்லவில்லை, ஓசை நயம் பற்றி ஒன்றுமில்லை என்று ஓரத்தில் குறிப்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். புள்ளித்திட்டத்தை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான தாள் திருத்துகிறவர், திட்டத்தில் உள்ளதைத்தான் தேடுவார். நானும் அப்படித்தான் திருத்தியிருக்கிறேன்.

அவள் அழுதாள். பழைய சொற்களையே திரும்ப எழுதப்போகிறேன் என்றாள். அன்றைக்கு இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்: பெயரைச் சொல்லு, பெயரோடு நின்றுவிடாதே. எதுகை என்று எழுதினால் அந்த எதுகை எந்த இரண்டு சொல்லைப் பக்கத்தில் கொண்டுவருகிறது என்றும் எழுது.

முதல் விடையில் அவள் வெறுமனே குறித்த அதே 'தானது, யானெவன்' இப்போது இப்படி வந்தது: "இரண்டாம் அடியின் முதற்சீரும் மூன்றாம் சீரும் பொழிப்பெதுகையாக வருகின்றன. இந்த எதுகை தலைவனையும் தலைவியையும், 'தான்' 'யான்' என்று எதிரெதிரே வைக்கிறது. பாடலில் 'தான்' மூன்று இடத்தில் வருகிறது. 'யான்' ஒரே இடத்தில். அதுவும் 'என்ன செய்வேன்' என்ற கேள்வியோடு." எண்ணிப் பார்த்தேன். தானே, தானது, தான் மணந்த. மூன்றுதான். நான் எண்ணியதே இல்லை.

அடுத்த பரீட்சையில் 13. அதற்குமேல் ஏறவில்லை. நேரம் போதாது, ஒரு நயத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கிறாள், வேறு வினாக்கள் விடுபடுகின்றன. புதுக்கவிதை கொடுத்தால் இன்னும் தடுமாற்றம். நகரத்துப் பாடுபொருள் என்றால் பழைய சொற்கள் உடனே எட்டிப் பார்க்கின்றன, 'மெருகூட்டுகிறது' உட்பட. வாவியும் வயலும் வரும் பாட்டில் அவளுக்குக் கண் திறக்கிறது, மற்றதில் மூடிக்கொள்கிறது. இதை எப்படிக் கடப்பது என்று நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கால்

கடைசியாகப் பதிந்த ஒலிப்பதிவு அவளாகவே கேட்டுப் பதிந்தது. காலையில் தகப்பனோடு தோணியில் போயிருக்கிறாள். அங்கே நின்ற கொக்குகளின் காலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"டீச்சர், வெள்ளைக் கொக்குக்குக் கால் கறுப்பு. பச்சைக் கால் குருட்டுக் கொக்குக்குத்தான். அம்மம்மாக்கிட்டக் கேட்டன், தினைத்தாள் அந்த மாதிரித்தான் மெல்லிசா பச்சையா இருக்குமாம்."

சரி, அதனால் என்ன என்று கேட்டேன். இப்போதெல்லாம் நான் 'விரிவாக்குக' என்று எழுதும் இடத்தில் இதைத்தான் கேட்கிறேன்.

"அவ்வளவு சின்னக் கால். நிறமும் சொல்றாள். அப்ப அவள் அந்த நேரம் கொக்கின்ட காலப் பாத்திருக்காள். அவன்ட முகத்தப் பாக்கல்ல போல. வெக்கத்தில தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்திருப்பாள். அவன்ட முகத்தப் பத்தி பாட்டில ஒண்டுமே இல்லையே டீச்சர்."

பதினாறு வருடமாக இந்தப் பாட்டை வகுப்பில் சொல்கிறேன். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒலிப்பதிவில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது, வெளியில் யாரோ சைக்கிள் மணி அடிக்கிற சத்தத்தோடு. அப்புறம் அவள்தான் கேட்டாள்.

"இத எழுதலாமா? ஸ்கீம்ல இருக்காதே."

"சான்று எங்க மகள்?"

மூன்றாம் அடியில் விரலை வைத்துக் காட்டினாள்.